வேர் டீச்சரின் பத்தாம் வகுப்பு

எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'வேர் டீச்சர்'. செடியின் வேரன்று, சொல்லின் வேர். கல்லூரியில் உடலுறுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய முடியாமல் திண்டாடியவர், அவற்றின் லத்தீன் மூலங்களைத் தேடத் தொடங்கினார். தேர்வு முடிந்தது, தேடல் முடியவில்லை. ஆடியோ என்றால் 'கேட்கிறேன்', வீடியோ என்றால் 'பார்க்கிறேன்' என்பார். பஸ் என்பது, 'எல்லாருக்கும்' என்று பொருள்படும் ஆம்னிபஸ் என்னும் லத்தீன் சொல்லின் வால் என்று ஒருநாள் கணவரிடம் விளக்கினாராம். பஸ் ஓட்டுநரான அவர், "எல்லாருக்கும்னா சரி. ஓட்டறது மட்டும் நான் ஒருத்தன்தானே!" என்றாராம்.

வகுப்பிலும் இதே கதைதான். தசையைக் குறிக்கும் 'மசில்' என்றால் லத்தீனில் சுண்டெலி என்று அவர் சொன்ன நாளில், பையன்கள் முழங்கையை மடக்கி மடக்கித் தோலுக்கடியில் எலி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து தாம் வளர்த்து, இப்போது பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளைத் தாமே கரைசேர்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு உலைவைத்தது அரையாண்டுத் தேர்வு. கழுத்தடியில் இருக்கும் 'கிளாவிக்கிள்' எலும்பின் வேலை என்ன என்ற கேள்விக்கு, வகுப்பில் பாதிப்பேர் டீச்சர் சொன்ன லத்தீன் வேரையே நம்பி, 'சின்னச் சாவி. தோளைத் திறக்கும்' என்று எழுதியிருந்தனர்.

தலைமையாசிரியை விடைத்தாள்களோடு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"தோளைத் திறந்து உள்ளேருந்து என்னம்மா எடுக்கப்போறாங்க?"

அங்கிருந்த மற்ற ஆசிரியைகள் நாங்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டோம்.

"நாளைக்கு நான் வந்து உட்கார்ந்து பாக்கறேன். இதே கூத்துன்னா பத்தாம் வகுப்பை வேற டீச்சருக்குக் கொடுத்துடுவேன்."

மறுநாள் கண் பாடம். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தார். இடையில் பலகைத் தடுப்பு மட்டுமே இருந்ததால், அடுத்த வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. வேர் டீச்சர் மறந்தும் ஒரு லத்தீன் சொல்லை உதிர்க்கவில்லை. பாடம் உப்புச்சப்பில்லாமல் நகர்ந்தது. கண்ணின் நடுக் கறுப்பான 'பியூபில்' வந்ததும் முன்வரிசை வாயாடி எழுந்தாள்.

"டீச்சர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா? இதுக்கு வேரே சொல்லலையே!"

டீச்சர் அவளையே திருப்பிக் கேட்டார்.

"முதல்ல அதோட வேலையைச் சொல்லு."

"வெளிச்சத்தை உள்ள விடும்."

"அவ்வளவுதானா?"

"வேரைச் சொல்லுங்க டீச்சர், மீதியைச் சொல்றேன்," என்றாள். டீச்சர் துணிந்துவிட்டார்.

"லத்தீன்ல சின்னப் பொம்மை. நாமளும் கண்பாவைன்னுதானே சொல்றோம்? பக்கத்துல இருக்கறவங்க கண்ணுக்குள்ள பாருங்க. பொம்மை யாருன்னு தெரியும்."

"ஐயோ, நான்தான் இருக்கேன்!"

"மூக்கு மட்டும்தான்டி தெரியுது உனக்கு!"

அந்தக் களேபரத்தில் ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்ப, அவள் தோழி கூவினாள்.

"டீச்சர், கறுப்பு சுருங்குது! வெளிச்சம் பட்டா சுருங்குது, இந்தப் பக்கம் வந்தா விரியுது!"

பொம்மையைத் தேடப்போனவர்கள் அதன் வேலையைக் கண்ணாரக் கண்டுவிட்டனர். தடுப்பின் இடுக்கில் எட்டிப்பார்த்தேன். தலைமையாசிரியை பக்கத்திலிருந்த மாணவியின் முகவாயைப் பிடித்து, ஜன்னல் பக்கமும் சுவர்ப் பக்கமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்மா," என்றார் போகும்போது. "வேலை முதல்ல, வேர் அப்புறம்."

இடைவேளையில் வேர் டீச்சர் என்னிடம் ஓடிவந்தார்.

"அக்கா, அடுத்தது காது. உள்ளுக்குள்ள லத்தீன்ல ஒரு நத்தைக்கூடே இருக்கு!"

"அதோட வேலை?"

"சொல்றேன்க்கா, சொல்றேன். அதைத்தான் முதல்ல சொல்லப்போறேன்," என்று சிரித்தார்.