யாரும் சாகாத படங்கள்

போன வாரம் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவள் சாந்தி, என்னோடு வேலை செய்த ஒருவரின் மகள். வெளிநாட்டில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் வீட்டில் கிடக்க வேண்டுமாம். "அண்ணா, படுத்திருந்து அலுத்துப்போச்சு. சுகமில்லாத ஆக்களுக்குப் படம் சொல்லுறதில உங்களை விட்டா ஆள் இல்லை எண்டு அம்மா கடைசிவரைக்கும் சொல்லுவா. ஒரு பத்துப் படம் எழுதி அனுப்புங்கோ."

பத்துப் படம் எழுதுவது பெரிய வேலையில்லை. எழுத உட்கார்ந்தேன். எங்கிருந்தோ பூஞ்சை வாசனை வந்தது.

வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடிக்கும் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பினாங்கின் ஈரத்தில் நாடாவின் ஓரம் வெள்ளையாக மாவு பூத்துவிடும். பினாங்கு ஸ்ட்ரீட்டில் கரீம் பாய் வைத்திருந்த வாடகைக் கடையில் அலமாரிக்குள் எந்நேரமும் ஒரு குண்டு பல்பு எரியும், ஈரம் அண்டாமல் இருக்க. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக்கும் பூஞ்சையும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். எனக்கு எண்பதுகளின் தொடக்கம் என்றால் அந்த வாசனைதான்.

அப்போது நான் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் நிருபர். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அலுவலகம், கீழே அச்சுக்கூடம். சாலை விபத்து, கோயில் கூட்டத்தில் கைகலப்பு, பள்ளிக்கூடப் பரிசளிப்பு எல்லாம் என் தலையில். கூடவே கடைசிப் பக்கத்தில் கால் பத்தி: இந்த வாரம் வீட்டில் என்ன கேசட் பார்க்கலாம். பெயர் போடாமல்தான் வந்தது. ஆனாலும் எழுதுவது யார் என்று எப்படியோ தெரிந்துகொண்டு தொலைபேசியில் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் வீட்டில் யாராவது படுத்திருப்பார்கள்.

அந்தக் காலத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கோழிச் சாறு புட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிப்போவார்கள். வீடியோ வந்த பிறகு ஒரு கேசட்டும் சேர்ந்துகொண்டது. அது பொருத்தமாக இருக்க வேண்டுமே என்ற கவலைக்கு நான் கிடைத்தேன். கேட்கிறவர்களிடமிருந்தே சில விதிகளைக் கற்றுக்கொண்டேன். பிள்ளை பெற்றவளுக்குப் பேய்ப் படம் கூடாது. கண் அறுவை செய்தவருக்குப் பாட்டு நிறைந்த படம். குடலிறக்கத்துக்குத் தையல் போட்டவருக்கு நகைச்சுவைப் படம் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிரித்ததில் தையல் விட்டுப் போய் மறுபடியும் மருத்துவமனைக்குத் தூக்கினார்கள். அவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "நீ எழுதறத எழுது, ஆளைக் கொல்லாத லா."

எங்கள் பத்திரிகையில் ஒவ்வொரு எழுத்தையும் கடைசியாகப் பார்ப்பவர் கனகரத்தினம் சார். பிழை திருத்துவது அவர் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பம். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின் எங்களிடம் வந்தவர். சிவப்பு மையில் எழுதுவார், எழுதியதை உரக்கப் படித்தும் காட்டுவார். ஒருமுறை என் கால் பத்தியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"'அருமையான படம்' எண்டு மூண்டு இடத்தில எழுதியிருக்கிறீர். வேற சொல்லு கிடைக்கேல்லையோ, இல்லாட்டி நீர் படமே பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லைதான். அலுவலகமே சிரித்தது.

இன்னொரு நாள் ஒரு மரண அறிவித்தலைப் பிடித்து நிறுத்தினார். ஐந்து பிள்ளைகள் என்று தொடங்கி நான்கு பெயர்கள் இருந்தன. நாங்கள் மூன்று பேர் பார்த்தும் கண்ணில் படவில்லை. "எழுதின பிழையை ஆரும் பிடிப்பான். இல்லாததைப் பாக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார்.

அவருக்கு வயிற்று வலி வந்தது. அறுவை சிகிச்சைக்குத் திறந்தார்கள், பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். மூன்று மாதம் போனால் அதிகம் என்று டாக்டர் அவர் மனைவியிடம் சொன்னபோது நானும் வராந்தாவில் நின்றிருந்தேன். சினிமாவில் இப்படிப்பட்ட நேரத்தில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார். இவர் கழற்றவில்லை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், போய்விட்டார்.

மனோன்மணி ஆன்ட்டி அன்றே முடிவு செய்துவிட்டார். "அவருக்கு அல்சர் எண்டு சொல்லியிருக்கு தம்பி. வெட்டி எடுத்தாச்சு, இனி ஓய்வுதான் எண்டு. நீரும் அப்பிடியே சொல்லும். சாந்திக்கும் சொல்லேல்லை. மெட்ராசில கடைசி வருசப் பரீட்சை, இப்ப சொன்னா எல்லாம் பாழ்." என் கையைப் பிடித்து வாக்கு வாங்கினார். பிறகு கேட்டார்: "நீர் படம் எழுதுறனீர்தானே? அவருக்கு நல்லதாப் பாத்துக் கொண்டு வாரும். சாவு, வருத்தம் ஒண்டும் இருக்கக் கூடாது."

உலகத்தில் கேட்கக் கூடாத ஒன்றை அவர் கேட்டார். அன்றைய தமிழ்ப் படங்களில் சாவு இல்லாத படத்தைத் தேடிப் பாருங்கள், தெரியும். கதாநாயகனுக்கு ரத்தப் புற்று, தங்கைக்குக் காசம், அம்மாவுக்கு மாரடைப்பு. கரீம் பாய்க்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் கைக்குட்டையால் பூஞ்சையைத் துடைத்தபடியே ஒவ்வொரு கேசட்டாக எடுத்து வைப்பார்.

"இது வேணாம் தம்பி, கடைசில ரத்தம் கக்குறான். இது? ம்ஹூம், அப்பன் போயிடுறான். இது நல்லாருக்கும்… அடடா, இதுல பாதியில லாரி வருது."

"லாரி வந்தா என்ன பாய்?"

"தமிழ்ப் படத்துல லாரி சும்மாவா வரும்?"

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒவ்வொரு படத்தையும் முதலில் நான் பார்ப்பேன். எத்தனையாவது நிமிடத்தில் இருமல், எங்கே வெள்ளைப் புடவை, எங்கே டாக்டர் என்று குறிப்பேன். என் வாழ்க்கையில் மிகச் சிரத்தையோடு படம் பார்த்தது அப்போதுதான். தேறியவற்றை வாரத்துக்கு இரண்டாகக் கெலுகோரில் இருந்த அவர் வீட்டுக்கு எடுத்துப் போவேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஆன்ட்டி வாசலுக்கு வந்து கண்ணால் கேட்பார். நான் தலையசைப்பேன்.

சார் சாய்வு நாற்காலியில் இருப்பார். வாரத்துக்கு வாரம் நாற்காலி பெரிதாகிக்கொண்டே போனது. ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை மதியம், ஆன்ட்டி குளிக்கப் போயிருந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. சார் சத்தத்தைக் குறைத்தார்.

"தம்பி, பதினொரு படம் கொண்டு வந்தனீர். ஒருத்தனும் சாகேல்லை."

நான் கேசட் உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

"ஒருத்தன்கூட இருமேல்லை. ஒரு டொக்டர் வரேல்லை. தமிழ்ப் படத்தில இது நடக்கிற காரியமோ?" சிரித்தார். சிரிக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு நாளாம்?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை, உண்மையையும் சொல்ல முடியவில்லை. தரையைப் பார்த்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"மனோன்மணிக்கு நான் அறிஞ்சதாக் காட்டாதையும். அவள் அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பி நடமாடுறாள்." பக்கத்தில் இருந்த பழைய அச்சுத்தாளின் பின்பக்கத்தைக் கிழித்து, சிவப்புப் பேனாவால் ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள் எழுதினார். அப்பா சாகிறார், வா. சாந்தியின் விடுதி முகவரியைக் கீழே எழுதினார். "தந்தி அடிச்சு விடும். ஒரு சொல்லும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

திங்கட்கிழமை தந்தி அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் 'அப்பா' என்று எழுதினேன். அடுத்த சொல்லுக்குப் பேனா ஓடவில்லை. விடுதி வாசலில் தனியாக நின்று அந்தப் பெண் இதைப் பிரிப்பாளே என்று நினைத்தேன். ஆன்ட்டிக்குக் கொடுத்த வாக்கை நினைத்தேன். பரீட்சைக்கு இன்னும் மூன்றே வாரம். இத்தனை வாரமாகப் படங்களிலிருந்து சாவை எடுத்து எடுத்து என் கைக்கு அது பழகியிருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது. இப்படி எழுதிக் கொடுத்தேன்: அப்பாவுக்குச் சுகமில்லை, பரீட்சை முடிந்ததும் வா. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் சொற்களை எண்ணி முத்திரை குத்தினார். சாரின் தாளைக் கசக்கி அங்கிருந்த குப்பைக் கூடையில் போட்டேன்.

"அனுப்பினீரோ?" என்று கேட்டார்.

"அனுப்பிட்டேன் சார்."

"நான் எழுதின மாதிரியேதானே?"

"ஆமா சார்."

அதன் பிறகு நாற்காலியைச் சன்னல் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். தெருவில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் படத்தின் சத்தத்தைக் குறைப்பார். கார் போனதும் கூட்டுவார். கதை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நான் கொண்டுபோன பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது படங்களை அவர் இப்படித்தான் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் பெயருக்கு மெட்ராசிலிருந்து நீல நிற விமானக் கடிதம் வந்திருந்தது. ஆன்ட்டி உள்ளே மைலோ கலக்கிக்கொண்டிருந்தார். சார் கடிதத்தை என்னிடம் நீட்டினார். தந்தி கிடைத்தது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பரீட்சை முடிந்த மறுநாளே வந்துவிடுகிறேன், அம்மாவின் உறைப்புக் கறியைத் தொடாதீர்கள் என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றும் வரைந்திருந்தாள் சாந்தி.

"பரீட்சை முடியட்டுமாம்" என்றார் சார். சன்னலைப் பார்த்தார். "சரிதான். டொக்டரா வரப் போறவள். சாகிற ஆளுக்குப் பக்கத்தில வந்து இருந்து ஆகப் போறது ஒண்டுமில்லை எண்டு அவளுக்கு விளங்கியிருக்கு."

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தேன். ஆன்ட்டி மைலோவோடு வந்தார். "என்ன, ரெண்டு பேரும் ரகசியம்?" என்றார். சார், "படத்தைப் போடும் தம்பி" என்றார். நான் போட்டேன்.

அங்கிருந்து நேராகத் தந்தி அலுவலகத்துக்குப் போய், அவர் எழுதிய மூன்று சொற்களையும் அப்படியே அனுப்பினேன். நாளைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றிருந்தேன். மறுநாள் அவருக்கு நினைவு தப்பியிருந்தது. மூன்றாம் நாள் காலை போய்விட்டார்.

சாந்தி வந்து சேர்வதற்கு முதல் நாள் பத்து லாஞ்சாங் சுடுகாட்டில் எரித்து முடித்திருந்தோம். வெளிவாசலில் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். கைப்பையில் இரண்டு தந்திகளும் இருந்தன. முதலாவதை எடுத்துக் காட்டினாள்.

"அண்ணா, பரீட்சை முடிஞ்சு வா எண்டு அப்பாவோ சொன்னவர்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். "ஆமா. உன் பரீட்சை கெட்டுடக் கூடாதுன்னு சொன்னாரு" என்றேன். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவள் தோள்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன. உள்ளே ஆன்ட்டி வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசிவரைக்கும் அவருக்கு ஒண்டும் தெரியாது. அந்தத் தம்பி கொண்டு வந்த படம்தான் காரணம்."

அதற்குப் பிறகு கால் பத்தி எழுதவில்லை. பத்திரிகையும் சில வருடங்களில் நின்றுபோனது. கரீம் பாயின் கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். அந்தப் பல்பு இருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி. கேசட்டுகள் எங்கே போயின என்று அவர் மகனுக்கே தெரியாது. கெலுகோர் வீடு கைமாறி, இடிபட்டு, அடுக்குமாடியாகிவிட்டது. தந்தி அடிக்க இனி உலகத்தில் கவுண்டர் இல்லை. என் நோட்டுப் புத்தகத்தைக் கரையான் தின்றது.

சாந்திக்குப் பட்டியல் அனுப்பவில்லை. இதைத்தான் அனுப்பப் போகிறேன். சிவப்பு மையில் எழுதிய அந்தத் தாள் மட்டும் இருந்திருந்தால் கூடவே வைத்திருப்பேன். அவளுக்குத் தன் அப்பாவின் கையெழுத்து தெரியும். அது அன்றைக்கே குப்பைக் கூடையோடு போய்விட்டது. மிச்சமிருப்பது என் சொல்தான். அதை அவள் அப்பா ஒருமுறை நம்பினார், அவள் ஒருமுறை நம்பினாள்.