முதுகு பார்க்க ஓர் ஆள்

ஓமானில் சலாலா நகரைத் தாண்டியதும் ஒட்டகங்கள் சாலையை மறிக்கின்றன. காரை ஓரங்கட்டி இறங்குகிறேன். தூறலில் நனைந்தபடி அவற்றை மேய்ப்பவர் ராமநாதபுரத்துக்காரர். நான் தமிழ் என்று தெரிந்ததும் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டுகிறார்.

“உண்ணி இருக்கான்னு பாருங்கண்ணே. கையெட்டுற எடத்துல நானே பாத்துக்கிருவேன். முதுகை, என்கூட ஒட்டகம் மேய்ச்ச பெங்காலி பாய் பாப்பாரு. அவருக்கு நான் பாப்பேன்.”

“அவர் எங்கே?”

“உண்ணி கடிச்ச காய்ச்சல்ல செத்துப்போயிட்டாரு.”

தோள்பட்டைக்குக் கீழே ஒன்று கடித்துக்கொண்டிருக்கிறது. நசுக்காமல், காரின் முதலுதவிப் பெட்டியில் இருந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து எடுக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறேன்.

“வேற இல்ல. சட்டையைப் போடுங்க.”

போடாமல் நிற்கிறார்.

“இன்னொரு தடவ நல்லாப் பாத்துருங்கண்ணே. அடுத்து எப்ப, யாரு வருவாகளோ.”