குரங்கு அவிழ்த்த படகு

வாளியை நான் பிடித்துக்கொண்டேன். அம்மா ஈரக் கயிற்றை மொட்டைமாடிக் குழாயில் சுற்றி முடிச்சுப் போட்டாள். நூல்கயிறு. இரவெல்லாம் தொட்டியில் ஊறியது.

"விட்டுடவா?"

"இருடி. இன்னொரு இழு இழுக்கிறேன். ம், இப்ப விடு."

தண்ணீர் நிரம்பிய வாளி கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கியது. முடிச்சு அசையவில்லை. உள்ளே போய்ச் சாப்பிட்டோம். வெயில் ஏறியது. கயிறு காய்ந்தது, முடிச்சு தளர்ந்தது, வாளி போய் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த போர்வையின் மேல் விழுந்தது.

"என்னக்கா, இன்னைக்கு யாரைக் கொல்றீங்க?" என்று கீழேயிருந்து அவர் குரல்.

"கொலை இல்லப்பா. படகுதான் காணாமப் போகுது. போர்வையைக் கொடு, அலசித் தரேன்."

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அம்மா ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலையில் சேர்ந்தவள். எழுத்தாளர் ஒருவர் பாதிக் கதையில் கம்பி நீட்டிவிட, மீதியை இவள் எழுதிக் கொடுத்தாள். அடுத்து முழுக் கதையே கேட்டார்கள். அப்படிப் பிறந்தவள்தான் பூனைக்கண்ணி, பள்ளிக்கூடத்துப் பையோடு துப்பறியும் பெண். அட்டையில் பதிப்பகம் வைத்த புனைபெயர் இருக்கும். அம்மாவின் பெயர் எங்கும் இருக்காது.

செய்து பார்க்காத எதையும் அவள் எழுத மாட்டாள். எங்கள் வீட்டுப் பூட்டுகள் எல்லாம் கொண்டை ஊசியால் திறந்து பழகியவை. பெரியம்மாவைக் கோணிப்பைக்குள் போட்டுக் கட்டி, எப்படி வெளியே வருகிறாள் என்று பார்த்திருக்கிறாள். விஷத்தை மட்டும் சோதிக்கவில்லை. "அது உங்க பெரியப்பாவுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்பாள், அவர் காதில் விழும்படியாக.

நான் லிஃப்டுகளைப் பரிசோதிப்பவள். என் கயிறுகள் எஃகு. நூல்கயிறு நனைந்தால் தடித்து இறுகும், காய்ந்தால் தளரும் என்று நான்தான் சொன்னேன். வாளி விழுந்த பிறகே நம்பினாள்.

அதே பதிப்பகத்தில் இரட்டையர் என்று இன்னொரு தொடர். துப்பறியும் அண்ணன், தம்பி. அதை எழுதுபவரை மீசை என்பார்கள். மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. இரண்டு தொடரும் ஒரே நாவலில், ஒரு தனித் தீவில் சந்திக்க வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுதும் ஆள் மாறும். தொடக்கமும் முடிவும் அம்மாவுக்கு. தீவின் ஒரே படகு நட்டநடுப் பகலில் தானாக மிதந்து போகிறது. மணலில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. எப்படி என்பதைக் கடைசி அத்தியாயத்தில் பூனைக்கண்ணி சொல்வாள் என்பது அம்மாவின் ஏற்பாடு.

மீசையின் முதல் அத்தியாயத்தில் பூனைக்கண்ணி ஒரு நண்டைப் பார்த்து மயங்கி விழுந்தாள்.

"பாம்பைக் கையில பிடிச்சவடி இவ. நண்டுக்கு மயங்குறாளாம், தூ!" அம்மா அந்தத் தாளை ஈரத்துணி போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அடுத்த அத்தியாயத்தில் அந்த மயக்கத்தை நடிப்பு என்று ஆக்கினாள். மீசை அவளை இரட்டையருக்குச் சமைத்துப்போட வைத்தார். அம்மா அந்தச் சாப்பாட்டால் இரட்டையருக்கு வயிற்றுப்போக்கு வரவழைத்தாள். மீசை அவளைக் காய்ச்சலில் கிடத்தினார். அம்மா போர்வைக்குள் தலையணையை வைத்துவிட்டு அவளைப் படகுத்துறைக்கு அனுப்பினாள். இப்படியே போய், முடிவு மட்டும் மிச்சம் இருந்தது.

வாளி விழுந்த அதே வாரம் காய்கறி வாங்கப் போன இடத்தில் அம்மா இறந்துபோனாள். மாரடைப்பு.

அடக்கம் முடிந்த மறுநாள் முதலாளியும் மீசையும் வந்தார்கள். முதலாளி அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியம்மா கொடுத்த டீயில் பிஸ்கட்டை முக்கித் தின்றார். விரல்களை ஜன்னல் திரையில் துடைத்தார்.

"பெரிய இழப்பும்மா." ஓர் உறிஞ்சல். "அப்புறம், அந்தப் படகு எப்படிப் போச்சுன்னு அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"எதுக்கு?"

"முடிக்கணும்ல. சார் எழுதிடுவாரு."

"யார் கண்டுபிடிப்பா?"

மீசை செருமினார். "பசங்கதான். பொண்ணு பக்கத்துல நின்னு கைதட்டுவா. பார்க்க அழகா இருக்கும்."

"எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு கேட்டிருக்கேன்" என்றாள் பெரியம்மா. "இப்பதான் நேர்ல பார்க்கிறேன்."

முதலாளி சிரித்தார். பல்லிடுக்கில் பிஸ்கட் அப்பியிருந்தது. செத்தவள் வீட்டில் உட்கார்ந்து மனிதர்களுக்குப் பசிப்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"பூனைக்கண்ணி வாயால சொன்னாத்தான் சொல்வேன்" என்றேன். "பசங்க கண்டுபிடிக்கிறதா இருந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏம்மா, அவ என்ன உங்க வீட்டுப் பொண்ணா?" என்றார் முதலாளி. "எங்க பேர்லல்ல பதிஞ்சிருக்கு. நினைச்சா அவளை இந்தப் பசங்கள்ல ஒருத்தனுக்குக் கட்டிக்கூடக் கொடுப்போம்."

மீசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அப்ப உங்க பொண்ணுகிட்டயே கேட்டுக்குங்க."

டம்ளரில் மிச்சம் இருந்ததையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். திரையைக் கழற்றி வாளியில் போட்டேன்.

புத்தகம் வந்தது. பேருந்து நிலையக் கடையில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். படகை அவிழ்த்தது ஒரு குரங்காம். அதற்கு முன் எந்த அத்தியாயத்திலும் அந்தத் தீவில் குரங்கு கிடையாது. இரட்டையர் வாழைப்பழம் காட்டி அதைப் பிடிக்கிறார்கள். பூனைக்கண்ணி கைதட்டுகிறாள். "எனக்குத் தோணவே இல்லையே" என்கிறாள். வாங்கவில்லை. கையைத்தான் கழுவ வேண்டும் போலிருந்தது.

நண்டு அத்தியாயம் வந்த அன்றே அம்மா ஒரு வக்கீலிடம் விசாரித்திருக்கிறாள். அம்மா கைப்பட எழுதிய முதல் கதையை அவரிடம் எடுத்துக்கொண்டு போனால், பூனைக்கண்ணியை அவள் பெயருக்கு மாற்றக் கேட்கலாமாம். ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை என்று அவர் சொன்னாராம். எனக்கு இதைச் சொன்னது பெரியம்மா.

"போயிட்டு வந்துடேன்னு சொன்னேன்டி. 'படகு முதல்ல கரைக்கு வரட்டும்க்கா, அப்புறம் போறேன்'னா."

அம்மா போகவே இல்லை.