பதினோரு நாள் முன்னால் எடுத்த வைக்கோல்

என் தம்பியை எல்லோரும் 'கவாத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். தேயிலைச் செடியின் உச்சியைச் சமமாக நறுக்கிவிடும் கவாத்து வேலையில், பெரிய தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் கத்தி பிடித்தவன். ஆனால் பெயர் அதனால் மட்டும் ஒட்டிக்கொள்ளவில்லை. நாம் பத்து வார்த்தை பேசினால் அவன் அரை வார்த்தையில் நறுக்கிவிடுவான். அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம் என்பேன் நான். "உனக்குப் பயந்துதான்க்கா ஒருத்தியும் வரல" என்பான் அவன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு அவனோடுதான் இருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் தோட்ட வேலையை விட்டுவிட்டு, தேயிலை ஃபேக்டரிக்குச் சொந்தமான ஒரு பள்ளத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தான். இந்த வசந்தத்தில் முதல் கொழுந்து, பேசிய அளவுக்குக் குறையாமல் ஃபேக்டரிக்குப் போக வேண்டும். போனால் நிலம் இன்னும் இருபது வருஷம் அவன் கையில். போகாவிட்டால் செடியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

பள்ளத்தில் குளிர் தேங்கும். அதனால் குளிர்காலம் முழுக்கச் செடிகள்மேல் வைக்கோல் பரப்பி வைப்போம். கொழுந்து விட ஆரம்பித்ததும் எடுத்துவிடுவோம். இல்லாவிட்டால் பிஞ்சு ஒடிந்துபோகும். இதற்கு யாரும் தேதி பார்ப்பதில்லை, செடியைத்தான் பார்ப்போம். கொழுந்து வந்துவிட்டால் உறைபனி முடிந்தது என்று அர்த்தம். நான் பார்த்த வரையில் அது தப்பியதே இல்லை.

இந்த வருஷம் குளிர்காலம் பெயருக்குத்தான் வந்தது. ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. வழக்கத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே செடியெல்லாம் பச்சைப்பசேலென்று துளிர்த்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவன் மட்டும் வரப்பில் நின்று மோவாயைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நாள் போகட்டும்க்கா."

"என்னத்துக்கு?"

"சீக்கிரம் வந்திருக்கு. பனி இன்னும் மிச்சம் இருக்கும்."

"கொழுந்து வந்தப்புறம் எந்த வருஷம்டா பனி விழுந்திருக்கு? எனக்கு இங்க வேர்த்து ஊத்துது, இவனுக்குப் பனியாம் பனி! இன்னும் ரெண்டு நாள் விட்டா பாதி ஒடிஞ்சுடும். நீ நிக்கிறதுன்னா நில்லு, நான் எடுக்குறேன்."

"சரி" என்றான். சாயங்காலத்துக்குள் முழு நிலத்தையும் திறந்துவிட்டோம். மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வைக்கோலை அள்ளிக்கொண்டு போனார்.

பதினோராம் நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தவன், "அக்கா, வாளி" என்றான். பள்ளம் முழுக்க உப்பைக் கொட்டியது போல வெள்ளை. வெயில் படுவதற்குள் தண்ணீர் ஊற்றிப் பனியைக் கரைத்துவிட்டால் செடி பிழைக்கும். ஓடி ஓடி ஊற்றினோம். இரண்டு வரிசை முடிந்தது. மூன்றாவதில் பாதிகூடத் தாண்டவில்லை, வெயில் மேட்டிலிருந்து இறங்கிவிட்டது. அவன் வாளியைக் கீழே வைத்தான். நானும் வைத்தேன். மத்தியானத்துக்குள் மீதி வரிசையெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது.

பனி எப்போதும் வருகிற நாளில்தான் வந்தது. செடிதான் அவசரப்பட்டுவிட்டது, நானும். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. சமைத்தேன், இருவரும் சாப்பிட்டோம், ருசி தெரியவில்லை. பாத்திரம் கழுவி வைத்தேன்.

மூன்றாம் நாள் ஃபேக்டரியிலிருந்து இலை ஆபீசர் வந்தார். வரிசை வரிசையாக நடந்து, ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தார். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார்.

"இந்தத் தேதி வரைக்கும் பனி விழும்னு தெரியாதா உங்களுக்கு? வைக்கோலை ஏன் எடுத்தீங்க?"

"கொழுந்து வந்துடுச்சு சார்."

"யாரு எடுக்கச் சொன்னது?"

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். தம்பி என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் சார்."

ஆபீசர் எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். 'நஷ்டத்துக்குக் காரணம்: குத்தகைதாரருக்குத் தேயிலை வளர்ப்பு தெரியவில்லை.'

"சரிதானே?"

"சரி சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

ஊரே என் வாய்க்குப் பயப்படும். அன்று அது திறக்கவில்லை. சொன்னால் மட்டும் நிலம் திரும்பி வந்துவிடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சும்மா. பயம், அவ்வளவுதான். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

ஆபீசர் ஃபாரத்தை என் பக்கம் நீட்டினார். "சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணும். நீங்க போடுங்கம்மா."

போட்டேன்.