குழாய் குடித்த சத்தம்

மண்ணுக்கு அடியில் ஓடும் தண்ணீரைக் காதாலேயே பார்க்கிற மனிதர் அவர். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆளுயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருக்குழாயின் மேல் ஊன்றுவார், மறுமுனையைக் காதோடு ஒட்டுவார், கண்ணை மூடுவார். "இங்க தோண்டு" என்பார். தோண்டினால் அங்கே குழாய் கசிந்துகொண்டிருக்கும். குடிநீர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக வால்வு திறந்து மூடுகிறவருக்குப் பாம்புக்காது என்றே பெயராகிவிட்டது. தங்கை மகளுக்கு மட்டும் அவர் 'காது மாமா'.

காலை ஆறு மணிக்கு வால்வைத் திறப்பார், எட்டுக்கு மூடுவார். மூடிய கையோடு டீக்கடை. மத்தியானத்தில் சாக்கடை அடைப்பு எடுக்கப் போகவேண்டும். அதற்கு ஆள் பற்றாக்குறையாம். இந்த மாதிரி வாயில்லாப் பூச்சி கிடைத்தால் எந்த மேலதிகாரி விடுவான்?

அவர் குடியிருந்த தெரு ஒரு சரிவு. மேல் முனையில் வால்வு, அதை ஒட்டி அவர் வீடு. கீழ் முனையில் தங்கை வீடு. அந்த வருடம் கீழ்ப்பக்கத்து வீடுகளில்தான் மஞ்சள் காமாலை புகுந்தது. முதலில் ஒரு தையல்காரர், பிறகு அவர் மனைவி, பிறகு வரிசையாகப் பதினோரு வீடு. மேல்பக்கம் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நோய் ஒவ்வொரு வாசலாகப் பார்த்து நுழைந்ததுபோல் இருந்தது. பன்னிரண்டாவதாகத் தங்கையின் மூத்த மகள் படுத்தாள். எட்டு வயது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சளாகி, ஆளைப் பார்த்தும் பார்க்காமல் விழித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஈரல் வீங்கியிருக்கிறது, இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

"பெரியவ இங்க கெடக்கா. சின்னவ வீட்டுல இருக்கா" என்றாள் தங்கை. "எந்த எடத்துலண்ணா சாக்கடை கலக்குது? இவ்ளோ பெரிய காது வச்சிருக்கியே, கண்டுபிடிக்க மாட்டியா? சின்னவளையும் தூக்கிட்டு வர்ற வரைக்கும் தேடிக்கிட்டே இருப்பியா?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகச் சொல்லியிருந்தார்கள். குடித்தார்கள்தான். ஆனால் காய்ச்சின தண்ணீரில் பல் விளக்குகிறவன் எவன், தட்டுக் கழுவுகிறவள் எவள்? சோதனைச்சாலை முடிவு இன்னும் குழப்பியது. ஏழு மணிக்குப் பிடித்த தண்ணீர் சுத்தம். ஆறு மணிக்கு முதலில் வருகிற தண்ணீரில் மட்டும் மலக்கிருமி. ராத்திரி முழுக்க மூடிக் கிடக்கிற குழாய்க்குள் அது எப்படிப் போனது?

ஒன்பது நாள் அந்தத் தெருவைச் சல்லடை போட்டுச் சலித்தார். தண்ணீர் ஓடும்போது அடிக்கு ஒரு தடவை கம்பியை ஊன்றிக் கேட்டார். ஒரு கசிவு கிடையாது. "குழாய் புதுசு மாதிரி இருக்குய்யா. பேய் பிசாசுதான் கலக்குது போல" என்றார் கூட வேலை செய்கிற பிட்டர். சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் எட்டு மணிக்கு வால்வை மூடிய பிறகு டீக்கடைக்குப் போகக் கால் எழவில்லை. போனால் நாலு பேர் கேட்பார்கள், என்னவென்று சொல்வது? வால்வுக் குழியின் ஓரத்திலேயே குந்தினார். கை சும்மா இருக்குமா? கம்பியை ஊன்றிக் காதை வைத்தார்.

இருபத்தெட்டு வருடத்தில் மூடிய குழாயில் அவர் காது வைத்ததே இல்லை. தண்ணீர் ஓடினால்தானே கேட்க? மூடினால் குழாய் செத்த மாதிரி என்பதுதான் அவருடைய கணக்கு.

குழாய் சாகவில்லை. உள்ளே நீளமாக ஒரு மூச்சு இழுபட்டது. பிறகு குளுக் என்று ஒரு மடக்கு. மறுபடி மூச்சு, மறுபடி மடக்கு. குழாய் எதையோ குடித்துக்கொண்டிருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. கீழ் வீடுகளில் குழாயைத் திறந்தே வைத்திருப்பார்கள். மேலே வால்வை மூடியதும் குழாயில் மிச்சமிருக்கிற தண்ணீர் சரிவில் அங்கே இறங்கும். இறங்கும்போது பின்னாலிருந்து உறிஞ்சும். வழியில் எந்த வீட்டு ஹோஸாவது தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தால், அந்தத் தண்ணீர் குழாய்க்குள் ஏறித் தங்கிவிடும். விடிந்ததும் முதல் தண்ணீராகக் கீழே போகும்.

யார் வீடு? கம்பியைத் தூக்கிக்கொண்டு கீழே நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் வைத்துக் கேட்டார். சத்தம் தேய்ந்துகொண்டே போனது. திரும்பி மேலே வந்தார். சத்தம் வளர்ந்தது. கடைசியில் அவர் வீட்டு வாசலில் கம்பி கையில் அதிர்ந்தது. "சே, எதிர் வீடா இருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு எதிர் வாசலில் வைத்தார். அங்கே சத்தமில்லை.

கொல்லைப்பக்கம் போனார். ஆள் யாரும் இல்லை. நல்ல வெயில். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் அடிவரை முங்கிய ஹோஸ். தொட்டித் தண்ணீர் தானாகக் குறைந்துகொண்டிருந்தது. யாரும் மொள்ளவில்லை, எங்கும் ஓட்டை இல்லை. கறுத்த தண்ணீர் விரல் விரலாக இறங்க, உள்ளே ஊறிய கால்சட்டையின் முழங்கால் மெல்ல வெளியே வந்தது. நேற்று மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டுதான் சாக்கடைக்குள் இறங்கியிருந்தார்.

ஹோஸைப் பிடுங்கினார். அது அவர் கையில் காற்றை இழுத்து விசில் அடித்தது.

மனைவி பின்வாசலுக்கு வந்தாள். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஹோஸை எத்தனை நாளா இதுக்குள்ள போடுற?"

"ஒரு மாசமா. மேல விட்டா செவுரெல்லாம் தெறிக்குது. தண்ணி வந்ததும் தானா ரொம்பட்டும்னு தெறந்தே வச்சிருக்கேன். ஏன்?"

அவளுக்கு எங்கே தெரியும்? தினமும் எட்டு மணிக்கு வால்வை இறுக்கி மூடிய கை யாருடையது? அவர் மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பவும் கழுவினார். அலுவலகத்துக்குப் போன் போட்டு, "என் வீடுதான். லைனை முழுசாக் கழுவி மருந்து போடணும், ஆளனுப்புங்க" என்றார். பிறகு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

தங்கை கட்டில் ஓரத்தில் இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"ம்."

"அடச்சிட்டியா?"

"இனிமே போகாது. சின்னவளுக்குப் பயமில்ல."

அவள் இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் கோபம் வந்தது. "யாரு வீட்டு அழுக்குண்ணா அது? எம்புள்ளையை இப்படிக் கெடத்தினவன் யாரு? அவன் குடும்பம் வெளங்குமா?"

பழைய குழாய் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள். இவர் காதுக்கு மேல் சாட்சி ஏது?

"என் வீடு" என்றார். "என் சாக்கடைத் துணி."

தங்கை கட்டில் பக்கம் திரும்பி மகளின் போர்வையை இழுத்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கட்டிலில் சிறுமி அசைந்தாள். மஞ்சள் கண்கள் அவரைத் தேடின. "காது மாமா, தண்ணி" என்றாள்.

மேசைமேல் காய்ச்சி ஆறிய தண்ணீர் இருந்தது. டம்ளரில் ஊற்றி எடுத்துப் போனார். தங்கை குறுக்கே வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். கழுவுதொட்டிக்குப் போய்த் தண்ணீரைக் கொட்டினாள். டம்ளரைத் தேய்த்துக் கழுவினாள். வேறு தண்ணீர் ஊற்றி, அவளே மகளுக்குப் புகட்டினாள்.