வயிற்றுப் பக்கம் மட்டும் பெயின்ட் அடித்த விமானம்

பெரிய கிளாக்கர் சிவபாதம் ஐயா காலமான செய்தி வந்தபோது நான் தோட்டத்து ஆபீசில் ஆட்களின் வரவைச் செக்ரோலில் எழுதிக்கொண்டிருந்தேன். கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தங்கை போன் எடுத்தார். "அண்ணா எங்களை விட்டுட்டுப் போட்டார், பிள்ளை" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'இனி அவருக்குத் தெரியவே வராது' என்ற நினைப்புத்தான் வந்தது. சீ, இதென்ன மனசு என்று என்னையே திட்டிக்கொண்டேன். முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் கூடுகிற உங்கள் எல்லோருக்கும் அந்த நினைப்பை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் றப்பர் தோட்டத்துக்கு வந்தார். நான் அவருக்குக் கீழே சின்னக் கிளாக்கர். வந்த மாதமே சைலன்சர் உடைந்த லொறியொன்று ஸ்டோர் பக்கம் இரைந்துகொண்டு ஏறியது. திரும்பிப் பார்க்கிறேன், நாற்காலியில் ஆளைக் காணோம். ஃபைலும் கையுமாக மேசைக்கு அடியில் குப்புறக் கிடந்தார். ஆபீசே சிரித்தது, நானும் சிரித்தேன். எழுந்து வந்தவருடைய சட்டை முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அப்படிப்பட்டவர் கொழும்புக்குப் போய்க் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வாங்கி வந்தால் எப்படி இருக்கும்? பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வருமே, ஒட்டிச் சேர்க்கிற பொம்மை, அது. சவர பிளேட்டால் வெட்டினார், நகவெட்டி அரத்தால் தேய்த்தார், ஒட்டினார். வயிற்றுப் பக்கத்துக்கு வெளிர்சாம்பல் அடித்தார். தகடுகள் சேரும் கோடுகளில் பென்சில் கரியை ஓட்டினார். றப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் அறைச் சுவரிலிருந்து கரி சுரண்டி வந்து, துப்பாக்கி வாய்க்குப் பின்னாலும் நெருப்புக் கக்கும் குழாயைச் சுற்றியும் விரலால் தேய்த்தார். எண்ணெய் ஒழுகிப் பின்னோக்கி ஓடிய கறையைக்கூட விடவில்லை. பார்த்தவுடன் நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஐயா, இது வேணாங்க. நாளைக்கே ஆமிக்காரன் வந்தான்னா என்னா சொல்லுவீங்க?"

"பறக்கேக்க எவ்வளவு பெரிசு, பிள்ளை! மேசையில வச்சா ஒரு சாண்தான். நான் அதை ஒருக்கா ஒரு சாணாப் பாக்கவேணும்."

மேல்பக்கத்தைத் தொடவேயில்லை. வந்தபடியே வெள்ளைப் பிளாஸ்டிக்காக விட்டுவிட்டார்.

நான் பயந்தது நடந்தது. கொழும்பில் குண்டு வெடித்த ஒரு வாரம், புளத்கொகுபிட்டிய ரோட்டு சோதனைச் சாவடியிலிருந்து ஆமிச் சார்ஜனும் நாலு பேரும் ஐயாவின் குவார்ட்டர்சுக்கு வந்தார்கள். ஐயாவுக்குச் சிங்களம் வராது. மொழிபெயர்க்க என்னை இழுத்துப் போனார்கள். விமானம் வயிற்றை மேலே காட்டியபடி மேசையில் இருந்தது. சார்ஜன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஐயாவின் அடையாள அட்டையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே ஜீப் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

"கரி எங்கே படியும், எண்ணெய் எங்கே ஒழுகும் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? மேல்பக்கம் ஏன் சும்மா இருக்கிறது? கேள்" என்றார் சிங்களத்தில்.

கேட்டேன். ஐயா அவரை நேராகப் பார்த்தார்.

"எங்கட கிணத்தடியில படுத்துக்கிடந்து பாத்தனான். எத்தினை தரம் பாத்தனான்! மேல்பக்கம் எனக்கென்னெண்டு தெரியும்? மேலயிருந்து பாத்தவை அவையள்தானே. நான் கீழ இருந்தவன் எண்டு சொல்லும், பிள்ளை. அப்பிடியே சொல்லும்."

அதை அப்படியே சொன்னால் ஆள் ஜீப்பில் ஏறுவார், இறங்குவாரா? அந்த நாளில் ஏறியவர்களின் வீட்டார் எத்தனை முகாம் வாசலில் நின்றார்கள் என்று நமக்குத் தெரியும். "பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்துச் செய்தாராம், சார். மேலுக்கு அடிக்கப் பெயின்ட் முடிந்துவிட்டதாம்" என்றேன். சார்ஜன் விமானத்தை மறுபடியும் புரட்டிப் பார்த்தார். சிரித்தார். அட்டையை மேசையில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"நான் சொன்னதை அப்பிடியே சொன்னீரோ?" என்று ஐயா கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"அப்ப அந்த மனுசனுக்கு விளங்கியிருக்கு" என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்து அழுதார்.

பொய் அதோடு முடிந்ததா? இல்லை. ஐயா தோட்டத்துச் சிங்கள வாச்சர் குணே அய்யேயிடம் சிங்களம் படிக்கத் தொடங்கினார். எதற்கென்று கேட்டேன். "சார்ஜனுக்கு நன்றி சொல்ல. கீழ இருந்தவன்ர கதையைக் கேட்டதுக்கு" என்றார். ஐயோ, அந்த மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் தொலைந்தோம்! உண்மையைச் சொல்லி நிறுத்தவும் மனசு வரவில்லை. சித்திரை வருசப்பிறப்பன்று கொக்கிஸ் பலகாரமும் வாழைப்பழமும் தட்டில் வைத்துச் சாவடிக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். சார்ஜன் முந்தின வாரமே மாற்றலாகிப் போயிருந்தார். ஐயா தட்டைப் புதியவரிடம் கொடுத்துவிட்டு முகம் வாடித் திரும்பினார். நான் ஒரு றப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு ஐயா மேசைக்கு அடியில் போகவில்லை. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனாலும் பேனாவை வைத்துவிட்டு, கண்ணை மூடி, போகட்டும் என்று இருப்பார். "துவக்குப் பிடிச்சவனிலயும் கேக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான், பிள்ளை. நான் கண்டனான்" என்பார். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் சொன்னார். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். சாவடி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இதை எழுதும்போதும் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த விமானம் இப்போது என் அலுமாரியில் வயிற்றை மேலே காட்டியபடி இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், நான் விழுங்கிவிட்ட அவருடைய பேச்சும்தான். குணே அய்யேவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. முப்பத்தொன்றுக்கு அவரும் வருவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கிணற்றடியிலிருந்து தொடங்கி, ஐயா சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்படியே சிங்களத்தில் சொல்லப்போகிறேன்.