வெயில் மிஷின்காரி சகாயராணி

குருவிநத்தத்தில் சகாயராணியின் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம்; குரலை அறியாதவர்கள் கிடையாது. ஆற்றங்கரையில் நின்று அவள் யாரையாவது கூப்பிட்டால் அக்கரைக்காரனும் திரும்பிப் பார்ப்பான். பாவாடை கட்டிய வயதில் சேற்றில் இறங்கியவள். ஊரில் அவள் கைபடாத வயல் இல்லை. நடவில் சுணங்கி நிமிர்கிறவளை ஒரே சொல்லில் குனிய வைப்பதும் அவள்தான், அந்தப் பெண்ணுக்கே தாகமென்றால் முதலில் சொம்பை நீட்டுவதும் அவள்தான். நாற்பத்தாறு வயதில் முட்டி மடங்க மறுத்தபோது, இனி என்ன செய்வது என்று ஒரு வாரம் வாயடைத்துக் கிடந்தாள். அந்த ஒரு வாரம் தெருவே வெறிச்சென்று இருந்ததாகச் சொல்வார்கள்.

அப்போதுதான் ஊருக்கு வெயில் மிஷின் வந்தது. சூரிய மின்சாரத்தை ஆராய்ச்சிக்கூடத்தோடு நிறுத்தாமல் கிராமத்துப் பொது உபயோகத்துக்குக் கொண்டுவர அரசாங்கம் ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தது. அதில் ஒரு காலேஜ்காரர்கள், பேட்டரியே இல்லாமல் வெயில் அடிக்கிற வேகத்துக்கு ஓடும் மாவு மிஷின் ஒன்றைச் செய்திருந்தார்கள். காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவே இருந்த பழைய கட்டடத்தில் மிஷின். பக்கத்தில் இடுப்புயரக் கம்பிச் சட்டத்தின் மேல் லேசாகச் சாய்ந்தாற்போல் பேனல்கள். ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்பார்கள். தேறினால் மிஷின் ஊருக்கே. தேறாவிட்டால் கழற்றிக்கொண்டு போய் வேறு ஊரில் வைப்பார்கள்.

ஆராய்ச்சி செய்யும் பெண் மஞ்சுளா, மகளிர் குழுவைக் கூட்டி, யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டாள். சகாயராணி கையைத் தூக்கிய வேகத்தில் பக்கத்திலிருந்தவளின் கொண்டை அவிழ்ந்தது. சாவி அவள் கைக்கு வந்தது.

அடடா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! வயல்காரர் வீட்டு ஆதிலட்சுமியும் காலனி தையலம்மாளும் ஒரே வரிசையில் அரிசித் தூக்கோடு நின்றார்கள். இதுவரை வேலைக்காரியாய்க் கொல்லைப்பக்கம் போய் நின்ற வீடுகளிலிருந்து, "ராணி, எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் அரைச்சுக் குடேன்" என்று கேட்டு வந்தார்கள். "வரிசைல வாங்க!" என்று அவள் அதட்ட, அவர்களும் வரிசையில் வந்தார்கள். மிளகாய் அரைக்க பாகூருக்கு பஸ் ஏறின காலம் போயிற்று. வீட்டுக்காரர் ஆரோக்கியத்திடம் தினமும் ராத்திரிச் சோற்றோடு மிஷின் கதையையும் பரிமாறுவாள். அவரும் இரண்டையும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

இவ்வளவு நல்லவள் செய்த தப்பையும் சொல்லத்தானே வேண்டும். வயல் வேலை என்றால் காலையில் இறங்குவார்கள், உச்சி வெயிலில் கரையேறி நிழலில் சாய்வார்கள். பரம்பரையாக அதுதான் வழக்கம். முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"ஐயே, பாவம்டி, இதுக்கு மட்டும் களைப்பு இருக்காதா?" என்றாள்.

அன்றிலிருந்து மிஷினுக்கும் மத்தியான ஓய்வு. வெயிலில் ஓடும் மிஷினை வெயில் உச்சிக்கு வரும்போது நிறுத்திய ஊர் உலகத்திலேயே குருவிநத்தம் ஒன்றாகத்தான் இருக்கும்!

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பங்குனி பிறந்தது, வடகம் போடும் காலம் வந்தது. தரையில் விரித்தால் நாயும் கோழியும் மிதிக்கும். பேனலோ மண்ணில்லாத கண்ணாடி, அடுப்பில் வைத்த தோசைக்கல் போல் சூடு. "சும்மாதானே தூங்குது" என்று தையலம்மாள் முதல் வேட்டியை விரித்தாள். வேட்டி நிறையக் கூழ்வடகம். ஒரே நாளில் சலசலவென்று காய்ந்தது. மறுநாள் எல்லாப் பேனலிலும் வேட்டி. சாவிக்காரியின் வடகமும் அதில்தான்.

பேனல் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று நாள் முழுக்க அளந்து காலேஜுக்கு அனுப்ப ஒரு சின்னப் பெட்டி அங்கே இருந்தது. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது அளக்கும். மஞ்சுளா தலையைப் பிய்த்துக்கொண்டாள். மத்தியானமானால் பேனல் செத்துப்போகிறது. பதறி ஓடி வந்து பார்த்தால் பளபளவென்று முழு உயிரோடு இருக்கிறது. இருக்காதா? மஞ்சுளாவின் ஜீப் தெருமுக்கில் திரும்பும்போதே பெண்கள் வேட்டிகளைச் சுருட்டி, கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். விருந்தாளி வரும் நேரத்தில் வாசலில் கந்தல் காய்ந்தால் எந்தப் பெண் பொறுப்பாள்?

கடைசியில் மேலிடத்துக் குழு வந்து முடிவைச் சொல்லும் நாள் வந்தது. மஞ்சுளா முன்னதாகவே வந்துவிட்டாள். பின்னாலேயே ஒரு லாரியும் வந்து நின்றது.

"இன்னா மஞ்சு, லாரி எதுக்கு?"

"மிஷினக் கழட்டி ஏத்தறதுக்குக்கா." அவள் குரல் கம்மியிருந்தது. போனில் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினாள். "காலைல இருந்து மலை மாதிரி ஏறணும். நடுவுல பாருங்க, உச்சிய யாரோ வெட்டி எடுத்துட்ட மாதிரி இருக்கு. சாயங்காலம் தானா உசுரு வருது. பேனல் கோளாறு, இந்த இடம் தேறாதுன்னு எழுதிட்டாங்க."

சகாயராணி அந்தக் கோட்டைப் பார்த்தாள். சரிவது வேட்டி விரிக்கும் நேரம். ஏறுவது வேட்டி எடுக்கும் நேரம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே!

தையலம்மாள் அவள் இடுப்பில் கிள்ளினாள். "வாயத் தொறக்காதடி. சாவியப் புடுங்கிடுவாங்க."

அது உண்மைதான். வாயைத் திறந்தால் அவளுக்குச் சாவி போகும். மூடிக்கொண்டால் ஊருக்கு மிஷின் போகும். சாவி போனால் இந்த முட்டியோடு மறுபடி சேறு. இடுப்பிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதிகாரிகள் காரிலிருந்து இறங்கினார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் லாரிக்காரருக்குக் கையைக் காட்டினார். லாரிக்காரர் ஸ்பானரை எடுத்தார்.

"யோவ், வைய்யா அத!"

தென்னையிலிருந்த காக்கைகள் பறந்தன. சகாயராணியின் குரல்.

"பேனல் மேல தப்பு இல்ல சார். எம்மேலதான். வெயில் நல்லா இருந்தப்போ நாங்க அதும்மேல வடகம் காயவெச்சிட்டோம். வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. பாருங்க!"

மிஷினில் அரிசியைக் கொட்டி ஓட விட்டாள். உச்சி வெயில். முதல் வாரத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் அது ஓடியதே இல்லை. ஓடியது பாருங்கள், கட்டடமே கிடுகிடுத்தது! மாவு புகையாய்ப் பறந்தது. "ஐயையோ, இவ்ளோ வேகமா?" என்று அவளே வாயைப் பிளந்தாள். பிறகு வெளியே ஓடி, தையலம்மாள் சுருட்டி வைத்திருந்த வேட்டியைப் பிடுங்கி, வடகத்தோடு பேனல் மேல் விரித்தாள். இன்னொன்று, இன்னொன்று. மிஷின் முனகியது, நின்றது. வேட்டிகளைச் சரக்கென்று இழுத்தாள். மிஷின் அலறிக்கொண்டு கிளம்பியது. மஞ்சுளா கையிலிருந்த போனில் கோடு குபீரென்று மேலே ஏற, அவள் குழந்தை போலக் குதித்தாள். "ஏறுது சார், ஏறுது!" கூட்டம் முழுக்கக் கை தட்டியது.

பெரியவர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, மிஷின் இங்கயே இருக்கட்டும். ஆனா இனிமே வடகத்த எங்க காயப்போடுவீங்க?"

"அதயும் நீங்கதான் சார் ஆராய்ச்சி பண்ணணும். எங்க ஊருக்குப் பெரிய சமாச்சாரமே அதானே?"

பெரியவர் மஞ்சுளாவைப் பார்த்தார். வெயிலிலேயே காயவைக்கும் பெட்டி ஒன்று காலேஜில் பாதி வேலையில் நிற்பதாக அவள் அவசரமாகச் சொன்னாள். அதையும் இங்கேயே வைத்துப் பாருங்கள் என்றார் அவர்.

சகாயராணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மஞ்சுளாவிடம் நீட்டினாள். மஞ்சுளா வாங்குவதற்குள் வரிசையிலிருந்து ஆதிலட்சுமி கத்தினாள்.

"ஏ ராணி, அத உள்ள வெச்சிட்டு அரிசியப் போடுடி! வூட்ல ஆளு வந்து காத்துங்கெடக்கு."

மஞ்சுளா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சகாயராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று மத்தியானம் யாருக்கும் ஓய்வில்லை. வெயில் தணிவதற்குள் கடைசி ஆளாக லாரிக்காரர் வந்து நின்றார். மிஷினை ஏற்றிப் போக வந்தவர், புட்டுக்கு இரண்டு படி அரிசியை அரைத்து எடுத்துக்கொண்டு காலி லாரியைத் தன் ஊர் மூலக்குளத்துக்கு ஓட்டிப் போனார்.